பதினான்கு டின்னும் ஒரு பிடியும்

கப்பலில் சமையலறைக்குக் கேலி என்று பெயர். முதன்முதலாகக் கப்பலேறிய வருஷம், "போய் கேலியில நில்லு" என்று யாரோ சொன்னபோது தன்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்றுதான் சமையல்காரர் நினைத்தார். அது நடந்து பன்னிரண்டு வருஷமாகிறது. இப்போது அந்த இரும்பு அறைதான் வருஷத்தில் எட்டு மாதம் அவருக்கு வீடு. அடுப்பைச் சுற்றிப் பாத்திரம் நழுவாமலிருக்கக் கம்பி வேலி, மேஜைமேல் தட்டுகள் ஓடாமலிருக்க ஈரத்துணி, எந்தப் பாத்திரத்திலும் பாதிக்கு மேல் எதையும் ஊற்றாத பழக்கம் என்று எல்லாம் அவருக்கு உடம்பில் ஊறிப்போனவை.

இருபத்தோரு பேருக்கு மூன்று வேளையும் அவர் கண்ணளவில்தான் சமைத்தார். உப்பை விரல் அளந்தது, அரிசியைக் கை அளந்தது. கேலியின் மூலையில் முள் வைத்த ஒரு தராசு உண்டு. துறைமுகத்தில் இறைச்சி வாங்கும்போது மட்டும் அதன் தூசியைத் துடைப்பார்.

அன்று நான்காவது நாளாகக் கப்பல் ஆடிக்கொண்டிருந்தது. புயல் ஒன்றும் இல்லை. வானம் கழுவி விட்டாற்போல நீலமாக இருந்தது. எங்கேயோ தொலைவில் அடித்த புயல், தன் அலைகளை மட்டும் இந்தப் பக்கம் அனுப்பியிருந்தது. நுரையில்லாத, அவசரமில்லாத, மேடு மேடான அலைகள். கப்பல் ஒவ்வொன்றின் மேலும் ஏறி, உச்சியில் ஒரு நொடி யோசித்து, இறங்கும். நாலு நாளாக யாருக்கும் சரியான தூக்கமில்லை. சூப்பும் ரொட்டியும் தவிர எதுவும் இறங்கவில்லை.

காலையில் கேப்டனே கேலி வாசலில் வந்து நின்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நம்ம செகண்டுக்குப் பொண்ணு பிறந்திருக்காம். இப்பதான் செய்தி வந்துச்சு. ஏதாவது இனிப்பா பண்ணுங்க. எல்லாரும் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு அலையறாங்க, பார்க்கவே சகிக்கல."

செகண்ட் என்பது இரண்டாம் என்ஜினியர். முப்பத்தொரு வயது. அதிகம் பேசமாட்டார். மனைவியின் எட்டாம் மாதத்தில் கப்பலேற வேண்டி வந்ததிலிருந்து இன்னும் குறைவாகப் பேசினார்.

சமையல்காரர் ஸ்டோர் ரூமைத் திறந்து பார்த்தார். உலர்திராட்சைப் பெட்டி ஒன்று, பிரித்தது, அடியில் மூன்று கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும் என்று தோன்றியது. பேரீச்சை இருந்தது. ஆப்ரிகாட் உலர்பழம் ஒரு பொட்டலம், அதுவும் பிரித்ததுதான். இவற்றைப் பார்த்ததும் மனைவியின் பழக் கேக் ஞாபகம் வந்தது. வீட்டிலேயே கேக் செய்து விற்பவர் அவர் மனைவி. அக்கம்பக்கத்தில் மூன்று தெருவுக்கு அவர் கேக்தான். கணவர் கண்ணளவில் சமைப்பதைப் பார்த்து ஒவ்வொரு விடுமுறையிலும் தலையிலடித்துக்கொள்வார். அவருக்கு எல்லாமே கிராம்தான்.

கப்பலில் இணையம் அரைகுறை. எழுத்துச் செய்தி போகும். பேசினால் பாதியில் அறுந்துவிடும். படம் என்றால் சுற்றிக்கொண்டே நிற்கும். சமையல்காரர் செய்தி அனுப்பினார். கால் மணி நேரத்தில் பதில் வந்தது. திராட்சை 1200 கிராம். பேரீச்சை 600. ஆப்ரிகாட் 350. மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை. கடைசியில் ஒரு வரி: "உங்க கைப்பக்குவத்தைக் காட்டிடாதீங்க. பழம் கூடினா கேக் உதிரும். குறைஞ்சா அது ரொட்டி."

சமையல்காரர் தராசைத் துடைத்து மேஜைமேல் வைத்தார். ஒரு கிண்ணத்தில் திராட்சையைக் கொட்டி வைத்தார். முள் ஒரு கிலோவைத் தாண்டிப் போனது. ஆயிரத்து நூற்றைம்பது வரைக்கும் போய், திரும்பி, எண்ணூற்றைம்பதுக்கு வந்தது. மறுபடி ஏறியது. அவர் காத்திருந்தார். முள் நிற்பதாக இல்லை. பூங்காவில் நடை போகிறவரைப் போல ஒரே பாதையில் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. கிண்ணத்தை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். தராசைத் தட்டினார். பிறகு திட்டினார்.

அந்த நேரத்தில் செகண்ட் உள்ளே வந்தார். சாயம் போன என்ஜின் ரூம் உடுப்பு, சிவந்த கண்கள், கையில் காலி டீக் குவளை.

"சார், வாழ்த்துக்கள்! கேள்விப்பட்டேன்!" என்றார் சமையல்காரர். "நல்ல நேரத்துல வந்தீங்க. உங்களுக்காகத்தான் கேக் பண்றேன். இந்தத் தராசு பாருங்க, பேய் பிடிச்ச மாதிரி ஆடுது. ஸ்பிரிங் போயிடுச்சா?"

செகண்ட் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் முள்ளையும், ஜன்னல் வட்டத்தில் ஏறி இறங்கிய அடிவானத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"தராசுல ஒரு கோளாறும் இல்லண்ணே. கவனிங்க. இப்ப ரெண்டு அலைக்கு நடுவுல பள்ளத்துல இருக்கோம். கப்பலைத் தண்ணி தூக்க ஆரம்பிக்குது. முள்ளு எங்க?"

"ஏறுது."

"இப்ப உச்சிக்கு வந்துட்டோம். இறங்கப் போறோம்."

"முள்ளும் இறங்குது!"

"அவ்வளவுதான்."

"அப்ப இது பொய் சொல்லலையா?"

"இல்ல. திராட்சைதான் கனக்குது. அப்புறம் லேசாகுது. திராட்சை மட்டுமில்ல, நீங்க, நான், இந்த அடுப்பு, கீழ சரக்கறையில கிடக்கிற அவ்வளவு சரக்கும். கண்ணை மூடிட்டு நில்லுங்க. முழங்காலைக் கவனிங்க."

சமையல்காரர் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. யாரோ தோளில் ஒரு பையை மாட்டியதுபோல முழங்கால் மெல்ல மடங்கியது. பிறகு அந்தப் பையை யாரோ எடுத்துக்கொண்டார்கள். குதிகால் தரையில் பட்டும் படாமலும் நின்றது. மறுபடி பை வந்தது. பன்னிரண்டு வருஷமாக அவர் இந்தத் தரையில் நின்றிருக்கிறார். இது அவர் காலடியில் ஓயாமல் நடந்துகொண்டே இருந்திருக்கிறது. கண்ணைத் திறந்தபோது தொங்கிய கரண்டிகளும் அடுக்கிய தட்டுகளும் கூட வேறு மாதிரித் தெரிந்தன. எல்லாம் ஒன்றாகக் கனத்து ஒன்றாக லேசாகிக்கொண்டிருந்தன, எதுவும் வெளியே காட்டிக்கொள்ளாமல்.

"நான் என்னமோ வயசாகுதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன் சார்" என்றார்.

செகண்ட் அன்று முதல்முறையாகச் சிரித்தார். "அதுவும் இருக்கும்."

தராசு உதவாது என்பது மனைவிக்குச் செய்தியாகப் போனது. பதில் உடனே வந்தது: "அப்ப கப்பால அளக்கலாம். நான் இங்க எடை போட்டுச் சொல்றேன். உங்க அளவு கப் எது?"

கேலியில் இருந்த கப், பிடி உடைந்த ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். கோடும் இல்லை, எண்ணும் இல்லை. அப்படியே எழுதினார். அங்கேயும் இங்கேயும் ஒரே மாதிரி இருக்கிற பாத்திரம் எது என்று மனைவி யோசித்தார். அவருடைய சமையலறை ஒடுக்கமானது. மாடிப்படியைப் பார்த்த ஒரே ஜன்னல். அதன் கீழே வரிசையாக, கழுவிக் கவிழ்த்த கட்டிப்பால் டின்கள்.

"கட்டிப்பால் டின் இருக்கா?"

"நாப்பது இருக்கு."

"உலகம் பூரா அது ஒரே அளவுதான்னு நினைக்கிறேன். உயரம் பாருங்க, எட்டு சென்டிமீட்டர்."

செகண்ட் சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து வைத்துப் பார்த்தார். எட்டு. வாய் அகலத்தையும் மனைவியிடம் கேட்டு அளந்தார்கள். அதுவும் சரியாக இருந்தது. டின்னின் மூடியை அவரே சுத்தமாக வெட்டி, கை கிழிக்காமல் விளிம்பை அரம் போட்டுக் கொடுத்தார்.

அங்கே மனைவி டின்னில் திராட்சையை நிரப்பி, கத்தி முதுகால் வழித்து, எடை போட்டார். 182. கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினார். 188. மறுபடி. 179. அவருக்குச் சந்தேகம் வந்தது. பத்து தடவை செய்தார். அதே திராட்சை, அதே டின், அதே கை. பத்து தடவைக்கு ஏழெட்டு விதமான எண்கள். ஒன்பது வருஷமாகக் கிராமிலேயே புழங்கியவருக்கு இது புதிது. போனின் வெளிச்சத்தை டின்னுக்குள் அடித்துப் பார்த்தார். சுருங்கிய திராட்சைகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து, நடுநடுவே கறுப்புக் கறுப்பாக இடம் விட்டு உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு தடவையும் அவை வேறு வேறு மாதிரி உட்கார்ந்துகொண்டன. டின்னில் பாதிக்குப் பாதி காற்றைத்தான் நிரப்புகிறோமோ என்று தோன்றியது. டின்னை மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார். திராட்சை விரல் அகலத்துக்கு இறங்கியது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கப்பலில் யாரும் தட்ட வேண்டாமே. கப்பலே தட்டிக்கொண்டுதானே இருக்கிறது?

துணி துவைக்கும் இயந்திரத்தில் துணியைப் போட்டு, பிழியும் சுற்றைத் திருகிவிட்டு, டின்னை அதன் தலைமேல் வைத்துப் பிடித்துக்கொண்டார். இயந்திரம் அதிர்ந்தது. திராட்சை இறங்கியது. மேலே போட்டார். இறங்கியது. போட்டார். கடைசியில் இனிமேல் இறங்கமாட்டேன் என்று நின்றுவிட்டது. வழித்து எடை போட்டார். 201. கொட்டினார், மறுபடி. 200. மறுபடி. 201. 202. 201. ஐந்து தடவையும் ஒரே இடத்தில் வந்து நின்றது. எதிர்வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்து, "என்ன, மெஷின் மேல உக்காந்து திராட்சை திங்கறீங்களா?" என்று கேட்டது கூட அவர் காதில் விழவில்லை.

கப்பலுக்கு இப்படிச் செய்தி வந்தது: "என்னங்க இது! ஆடாம அளந்தா ஒரு நிலையில்ல. ஆட ஆடத்தான் ஒரே எண்ணுக்கு வந்து நிக்குது. நீங்க டின்னை நிரப்பி மூலையில வைங்க. கப்பல் ஆட்டட்டும். இறங்க இறங்கப் போடுங்க. இறங்காம நின்னா வழிச்சுடுங்க. ஒரு டின் 201 கிராம். கேக்குக்கு ஆறு டின். ஆறு கிராம் அதிகமா வரும், ஒரு பன்னெண்டு திராட்சையை எடுத்து வாயில போட்டுக்கோங்க, சரியாயிடும்."

பின்னாலேயே பேரீச்சைக்கும் கணக்கு வந்தது. சுண்டுவிரல் நகம் அளவு நறுக்கினால் டின்னுக்கு 192. ஆப்ரிகாட்டைப் பிளந்தபடி போட்டால் 148, நறுக்கிப் போட்டால் 175. "நறுக்கினா இடுக்குல எல்லாம் போய் உக்காந்துக்குது. அதனால நறுக்கியே போடுங்க, ரெண்டு டின்."

சமையல்காரர் இதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி, அலமாரிக் கதவில் ஒட்டினார். செகண்ட் ஸ்டூலில் உட்கார்ந்து ஆறிப்போன டீயைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மணி வரைக்கும் அவருக்கு வேலை முறை இல்லை. போய்ப் படுத்திருக்கலாம். போகவில்லை.

"அண்ணே" என்றார். "ரெண்டு கிலோ எண்ணூத்தி அம்பது கிராம்னா எவ்வளவு?"

"திராட்சையா சார்? இருங்க, ஒரு டின் எரநூத்தி ஒண்ணுன்னா..."

"கணக்கு எனக்கே வரும். எவ்வளவு கனம்னு கேக்கறேன்."

சமையல்காரர் பென்சிலை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். "பாப்பாவா?"

செகண்ட் தலையாட்டினார். "பொண்ணு, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, ரெண்டு கிலோ எண்ணூத்தி அம்பது. அவ்வளவுதான் எழுதியிருக்காங்க. படம் அனுப்பியிருக்காங்க போல, இன்னும் இறங்கல. அவளைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது இந்த எண்ணு ஒண்ணுதான்." டீயைப் பார்த்தபடியே சொன்னார்: "ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோதானே. காலையில பாட்டில்ல ஊத்திக் கட்டி, தூக்கிப் பார்த்தேன். சில்லுனு இருந்துச்சு. வழுக்குது. பம்ப்புக்கு எண்ணெய் எடுத்துட்டுப் போற மாதிரிதான் இருந்துச்சு. ஒண்ணும் தோணல."

சமையல்காரர் அவர் கையிலிருந்த ஆறிய குவளையை வாங்கி மேஜைமேல் வைத்தார்.

"ஊருக்குப் போக இன்னும் நாலு மாசம் இருக்கு எனக்கு. நான் போய்த் தூக்கும்போது ஆறு கிலோ இருப்பா. அது வேற. இந்த ரெண்டு எண்ணூத்தி அம்பது எனக்குக் கிடைக்கவே போறதில்ல."

சமையல்காரருக்கு வீட்டில் ஒரு மகன் உண்டு, வேலைக்குப் போகிற வயது. அவன் பிறந்தபோது அவர் கப்பல் வேலைக்கே வந்திருக்கவில்லை. மருத்துவமனை வராந்தாவில் தாதி வந்து குழந்தையைக் கொடுத்தது அவர் கைக்கே இன்னும் ஞாபகம் இருந்தது. அவர் போனை எடுத்து மனைவிக்கு எழுதினார். என்ன, எதற்கு என்று இரண்டே வரி.

இந்தத் தடவை பதில் வர நேரமாயிற்று. வந்தபோது துண்டு துண்டாக வந்தது.

"பதினாலு டின் போடுங்க. 2814 வரும்."

"இன்னும் 36 வேணும். என் கையால ஒரு பிடி எடுத்து எடை போட்டேன். 28 வருது. உங்க கை என்னோடதை விடப் பெருசு. உங்க கையால ஒரு பிடி போடுங்க. சரியா இருக்கும்."

"தலையணை உறையில போடுங்க. புதுசா துவைச்சது."

"சூடா இருக்கணும். குழந்தை சில்லுனு இருக்காது. அடுப்பு பக்கத்துல கொஞ்ச நேரம் வைங்க."

சமையல்காரர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். அதில் பழைய தீக்காயம் ஒன்று, கத்தி வெட்டு இரண்டு. இந்தக் கை எவ்வளவு கொள்ளும் என்று அவருக்கே தெரியாது. எத்தனையோ கடலுக்கு அந்தப் பக்கம், மாடிப்படியைப் பார்த்த ஜன்னலோரம் நின்றுகொண்டு ஒருத்திக்கு அது கிராம் கணக்கில் தெரிந்திருந்தது.

கேலி மூலையில், கம்பி வேலிக்கும் சுவருக்கும் நடுவே டின்னை வைத்தார்கள். சமையல்காரர் நிரப்பினார். கப்பல் ஏறியது, இறங்கியது. திராட்சை சலசலவென்று தாழ்ந்தது. மேலே போட்டார். ஏழெட்டு அலைகளில் அது நின்றுவிடும். வழித்து உறையில் கொட்டுவார். "ஒண்ணு" என்பார் செகண்ட். எந்த அவசரமும் இல்லாமல் கடல் ஒவ்வொரு டின்னையும் தட்டிக் கொடுத்தது. எட்டாவது டின்னுக்குப் பிறகு எண் மட்டும் சொல்லிக்கொண்டார்கள். பதினான்காவதைக் கொட்டிய பிறகு பெட்டியில் அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. சமையல்காரர் கையை விட்டு, எப்போதும் எடுப்பதுபோல ஒரு பிடி எடுத்தார். கூடுதலாக அள்ளவில்லை, குறைக்கவும் இல்லை. உறைக்குள் விட்டார். வாயை மடித்து, நூலால் தைத்தார்.

அடுப்பின் பக்கவாட்டில், தட்டுகளைச் சூடாக்கும் இடத்தில் இருபது நிமிஷம் வைத்தார். எடுத்தபோது உள்ளங்கைச் சூட்டில் இருந்தது. திராட்சை மணத்தது.

போன் மறுபடி ஒலித்தது. சமையல்காரர் படித்துவிட்டுச் சொன்னார்: "தலைப்பக்கம் கை குடுக்கச் சொல்றா."

செகண்ட் ஸ்டூலை விட்டு எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். கையை உடுப்பில் துடைத்தார். நீட்டினார். சமையல்காரர் பையை அந்தக் கைகளில் வைத்தார்.

"இவ்வளவுதானா?" என்று கேட்டார் செகண்ட். நம்பவே முடியாதவர்போலக் கேட்டார். "இவ்வளவு லேசாவா இருப்பா?"

அப்போது கப்பல் அலைகளின் நடுவே பள்ளத்துக்கு வந்திருந்தது. தண்ணீர் தூக்கத் தொடங்கியது. கையிலிருந்த பை மெல்ல மெல்லக் கனத்தது. முழங்கை மடிப்புக்குள் இன்னும் ஆழமாக இறங்கி, உள்ளே இருந்த திராட்சைகள் சற்றே நகர்ந்து, அவர் கையின் வளைவுக்கு ஏற்பப் படிந்தன. உச்சியில் ஒரு நொடி நின்றது. பிறகு அது லேசாகி, கைக்கும் அதற்கும் நடுவே ஒரு மூச்சுக் காற்று நுழைந்தாற்போல மேலெழும்பியது. மறுபடி கனத்து, மறுபடி படிந்தது. செகண்ட் அசையவில்லை. சில மணி நேரத்துக்கு முன்னால் இதற்கெல்லாம் காரணம் சொன்னவர் அவர்தான். இப்போது காரணம் தெரிந்த ஆளாக அவர் முகம் இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. யாரும் மறுபடி சொல்லாமலே அவருடைய இடது கை நகர்ந்து, தைத்த முனைக்குக் கீழே போய் ஏந்திக்கொண்டது.

"அண்ணே" என்றார்.   சமையல்காரர் திரும்பி நின்று, ஏற்கெனவே நறுக்கிய பேரீச்சையை இன்னும் பொடியாக நறுக்கினார்.

டீக்கு வந்த போசன்தான் முதலில் பார்த்தது. போசன் என்றால் மேல்தள ஆட்களுக்கெல்லாம் தலைவர், நாலு பிள்ளை பெற்றவர், கப்பல் முழுக்கக் கேட்கிற குரல். "என்ன சார், தலையணையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்தவர் சமையல்காரர் கண்ணைக் காட்டியதும் நிறுத்தினார். விஷயத்தைக் கேட்டார். "குடுங்க" என்றார். கையில் வந்ததும் அதை எடுத்துத் தோளில் சாய்த்து, முதுகுப் பக்கம் என்று நினைத்த இடத்தில் மெல்லத் தட்டத் தொடங்கிவிட்டார். தான் தட்டுகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. "நாலாவது பிள்ளை இதே கனம்தான்" என்றார். அந்தக் குரல் இவ்வளவு சின்னதாகவும் வரும் என்பது சமையல்காரருக்கு அன்றுதான் தெரிந்தது.

செய்தி பரவிவிட்டது. ஒவ்வொருவராக, வேறு ஏதோ வேலையாக வந்தவர்கள்போல வந்தார்கள். ஒருவர் சர்க்கரை கேட்டார். ஒருவர் கை கழுவ வந்தார். பை கை மாறிக்கொண்டே இருந்தது. யாரும் கேலி பேசவில்லை, கேலிக்குள்ளேயே நின்றுகொண்டு. வாங்கியவர்கள் எல்லோரும் கப்பல் ஒரு தடவை ஏறி இறங்கும் வரை அதை வைத்திருந்தார்கள். பிறகு இரண்டு கையாலும் அடுத்தவரிடம் கொடுத்தார்கள்.

கடைசியாகக் கேப்டன் வந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. தட்டை ஏந்துவதுபோல இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். செகண்ட் அருகில் போய், "இப்படி சார்" என்று அவர் முழங்கையை மடக்கிவிட்டார். கப்பல் ஏறியது. கேப்டன் கையிலிருந்ததைக் குனிந்து பார்த்தார். பிறகு சுற்றி நின்றவர்களை, போசனின் தொந்தியை, சமையல்காரரின் தடித்த கைகளை, வாசலை அடைத்துக்கொண்டு நின்ற, என்ஜினுக்கு எண்ணெய் போடுகிற ஆளின் தோளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நாம எல்லாருமே இவ்வளவுதான் இருந்தோமா?" என்று கேட்டார்.

போசன் குனிந்து தன் தொந்தியைப் பார்த்துக்கொண்டார். 

செகண்ட் போகும்போது பையைச் சமையல்காரரிடம் நீட்டினார். "கேக்குக்கு வேணுமே."

"நாளைக்குக் காலையில போதும் சார். இன்னிக்கு உங்ககிட்டயே இருக்கட்டும்."

மறுநாள் காலை உணவுக்கு முன்பே அவர் வந்துவிட்டார். முகம் தெளிந்திருந்தது. பையை ஒரு கையில் அணைத்து, இன்னொரு கையால் கதவைப் பிடித்து, காலை அகட்டி வைத்து நடந்து வந்தார்.

"தூங்கினீங்களா சார்?"

"தூங்கினேன். அஞ்சு நாளைக்கு அப்புறம். உருண்டுடக் கூடாதுன்னு சுவத்துப் பக்கம் போட்டுக்கிட்டேன்."

தையலை அவரே பிரித்தார். நூலை அறுக்காமல், மெதுவாக உருவி எடுத்தார். ஆறு டின் திராட்சை கேக்குக்குப் போனது. பன்னிரண்டு திராட்சையை எண்ணி எடுத்து, ஆளுக்கு ஆறாக வாயில் போட்டுக்கொண்டார்கள். மீதியைச் சமையல்காரர் பெட்டியில் கொட்டி மூடினார். பேரீச்சையும் ஆப்ரிகாட்டும் சேர்ந்தன. மாவுக்கும் வெண்ணெய்க்கும் கூட மனைவி அதற்குள் டின் கணக்கு அனுப்பியிருந்தார். சமையல்காரர் ஒரு எண்ணையும் மீறவில்லை. கூட ஒரு பிடி போட விரல் துடித்தபோதெல்லாம் கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டார்.

கேக் வெந்து வந்தபோது ஒரு பக்கம் நாலு விரல் உயரம், மறுபக்கம் மூன்று. ஆட்டத்துக்கு மாவு சாய்ந்திருந்தது. ஆனால் வெட்டியபோது உதிரவில்லை. பழமெல்லாம் அடியில் போய்த் தேங்காமல், மேலிருந்து கீழ்வரை அங்கங்கே நின்றிருந்தது. சாப்பாட்டு அறையில் மூன்று மணிக்கு, வேலை முறையில் இருந்த இரண்டு பேரைத் தவிர எல்லோரும் கூடினார்கள். உயரமான பக்கத்துத் துண்டுக்குப் போட்டி இருந்தது. போசன் தன் பழைய குரலில், "பல்லுல ஒட்டாத பேரீச்சையை இன்னிக்குத்தான் பார்க்கறேன்!" என்றார். மூன்றாவது துண்டுக்குக் கை நீட்டியபோது கேப்டன் அவர் தட்டை நகர்த்தி வைத்தார்.

அப்போது செகண்டின் போன் ஒலித்தது. படம் இல்லை. ஒரு குரல் பதிவு. ஆறு விநாடி. எப்படியோ அது மட்டும் இறங்கிவிட்டது. அவர் சுற்றிப் பார்த்தார். வெளியே போய்க் கேட்கலாமா என்று ஒரு கணம் யோசித்தது தெரிந்தது. பிறகு போனை மேஜைமேல், கேக் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, அழுத்தினார்.

முதலில் ஏதோ துணி உரசுகிற சத்தம். தூரத்தில் ஒரு பெண் குரல், "இங்க பாரு, இங்க பாரு" என்றது. அப்புறம் ஒரு தும்மல். எறும்பு தும்மினால் அவ்வளவுதான் இருக்கும். அதன் பிறகு, தான் செய்த காரியத்தைத் தானே வியந்ததுபோல ஒரு சின்ன 'ங்'.

பதிவு முடிந்தது. கரண்டிகள் அப்படியே நின்றன. என்ஜினின் அதிர்வு மட்டும் தரை வழியாக வந்துகொண்டிருந்தது.

"இன்னொரு தடவை போடுங்க" என்றார் கேப்டன்.